சில வேளைகளில் மட்டும் செல்ப் எடுக்காத மினி டிராக்டர்

ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் கோகோவும் ஜாதிக்காயும் ஊடுபயிராக வைத்திருப்பவர்களுக்குப் பெரிய டிராக்டர் உதவாது. மரத்துக்கும் செடிக்கும் நடுவே திரும்ப இடம் போதாது. அதனால் எங்கள் தோப்பில் 27 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்று சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் குறை எதுவும் இல்லாத அந்த வண்டி, கடந்த கோடையில் திடீர் திடீரென்று செல்ப் எடுக்க மறுக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் மீட்டர் பலகையின் விளக்குகள் பளிச்சென்று எரியும். செல்ப் மோட்டாரிலிருந்து ‘டக்’ என்ற ஒலிகூட வராது. சாவியை விட்டுவிட்டு மறுபடியும் திருப்பினால் சில வேளை உடனே எடுக்கும். சில வேளை கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தகைய குறையில் பெரிய தொல்லை, ஆள் வந்து பார்க்கும்போது அது இருக்காது என்பதுதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஆட்டோ எலெக்ட்ரீசியன் சாவியைத் திருப்பினார், எடுத்தது. அணைத்துவிட்டு மறுபடியும் திருப்பினார், அப்போதும் எடுத்தது. “ஏனுங்கண்ணா, வண்டி நல்லாத்தானுங்களே இருக்குது?” என்று கேட்டார். வந்ததற்கு ஏதாவது பார்க்க வேண்டுமே என்று, செல்ப் மோட்டாரின் மேலிருந்து, அதை எஞ்சினோடு கோத்துப் பேட்டரியுடன் இணைக்கும் காந்தச் சுருளான சோலனாய்டுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, அதன் முனையில் மீட்டரை வைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 12.5 வோல்ட் காட்டியது. “சப்ளை முழுசா வருதுங்க, அப்பச் செல்ப்புலதான் கோளாறு” என்று முடிவு கட்டி, மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே மேசைமேல் வைத்து நேராகப் பேட்டரி கொடுத்தபோது அது ஒருமுறைகூடத் தவறாமல் சுற்றியது. கார்பன் பிரஷ்களும் தேயாமல் இருந்தன. திரும்ப மாட்டிய சில நாள்களில் வண்டி மறுபடியும் தோப்பின் நடுவே நின்றுவிட்டது.

அதன் பிறகு, எப்போது எடுக்கவில்லை என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்குமாறு வண்டி ஓட்டும் தம்பியிடம் சொன்னேன். அந்த நோட்டிலேயே பாதி விடை இருந்தது. காலையில் முதல்முறை எடுக்கும்போது ஒருநாளும் தகராறு இல்லை. ரோட்டவேட்டர் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் உழுதபின், டீ குடிக்கவோ டீசல் ஊற்றவோ நிறுத்திவிட்டு, பத்து இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பும்போதுதான் அது வருகிறது. பேட்டரி வலுவிழந்திருந்தால் நிலைமை நேர்மாறாக இருந்திருக்கும்: எண்ணெய் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த காலையில்தான் எஞ்சினைச் சுழற்றுவது கடினம், சூடான எஞ்சின் எளிதாகச் சுழலும். மேலும், வலுவிழந்த பேட்டரி என்றால் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லையென்றால் ‘டக்டக்’கென்று அடித்துக்கொள்ளும், விளக்குகளும் மங்கும். இங்கே அவற்றில் எதுவுமே இல்லை.

ஆயினும் பேட்டரியை ஐயமறத் தள்ளிவிடுவதற்காக ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தோம். ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தி 1.260க்குக் குறையவில்லை. எஞ்சினைச் சுழற்றும்போது பேட்டரி முனைகளுக்கிடையே 10.6 வோல்ட் நின்றது. 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக்கும் செல்ப் மோட்டாரின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துச் சுழற்றியபோது 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியது. ஆக, பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டையிலும் குறை இல்லை. தடித்த நேர்முனைக் கேபிளும் அவ்வாறே தேறியது.

எஞ்சியது சாவியிலிருந்து சோலனாய்டு வரை ஓடும் மெல்லிய ஒயர் ஒன்றுதான். எலெக்ட்ரீசியன் அதை ஏற்கெனவே சோதித்து 12.5 வோல்ட் பார்த்திருந்தார் என்றாலும், அந்த அளவை நான் நம்பவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால் அதில் மின்னோட்டமே இருப்பதில்லை; டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். சொட்டுநீர்க் குழாயில் வால்வு மூடியிருக்கும்போது, நடுவில் அடைப்பு இருந்தாலும் அழுத்தமானி முழு அழுத்தத்தையே காட்டுவதைத் தோப்பு வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். வால்வைத் திறந்தபின்தான் அடைப்பு வெளிப்படும். சோலனாய்டு உள்ளே இழுக்கும் அந்தக் கணத்தில் பல பத்து ஆம்பியர் கேட்கிறது. அதைக் கொடுக்கும் நிலையில் அளந்தால்தான் ஒயரின் உண்மை நிலை தெரியும். அதுவும் குறை நிகழும் வேளையிலேயே அளக்க வேண்டும்.

ஆகவே, சோலனாய்டின் சிறு முனையில் ஒயர் மாட்டியிருக்கும்போதே அதனுடன் இன்னொரு ஒயரை இணைத்து, மீட்டர் பலகையின் பக்கத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கட்டினேன். சாவியைத் திருப்பும்போது ஓட்டுபவர் அந்தப் பல்பைப் பார்த்தால் போதும். எடுக்காதபோது பல்பு வெண்மையாகப் பளிச்சென்று எரிந்தால் குறை சோலனாய்டில். எரியாவிட்டால் வழியில் எங்கோ இணைப்பு அறுகிறது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ மின்னழுத்தம் தின்னப்படுகிறது. இரண்டொரு நாளில் தோப்பிலிருந்து போன் வந்தது: பல்பு சிவந்த நிறத்தில், மின்மினி போல் எரிகிறதாம்.

மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கியரும், ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் தண்டான பி.டி.ஓ.வும் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தம்பி கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கையில் சோலனாய்டின் முனையில் 7.2 வோல்ட் மட்டுமே இருந்தது. மீதி 5.2 வோல்ட் எங்கே போகிறது என்பதை அறிய, மீட்டரை ஒவ்வொரு உறுப்பின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகச் சாவிக்கும், அங்கிருந்து கிளட்ச் மிதியின் அடியில், அதை மிதித்தால் மட்டும் இணையும் ஸ்விட்சுக்கும், பிறகு பி.டி.ஓ. லீவரின் ஸ்விட்சுக்கும், கடைசியில் கால்பலகையின் அடியிலுள்ள ஒரு கனெக்டர் வழியாகச் சோலனாய்டுக்கும் போகிறது. ஃபியூஸ் வரை 0.7, சாவியில் 1.2, கிளட்ச் ஸ்விட்சில் 2.0, கனெக்டரில் 0.9, எஞ்சியது பி.டி.ஓ. ஸ்விட்சிலும் ஒயரிலுமாகப் பகிர்ந்துகிடந்தது. குற்றவாளி என்று கைகாட்ட ஒன்று அகப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தது.

சூட்டுக்கும் இதற்கும் உள்ள உறவும் அப்போது தெளிவானது. செம்புக் கம்பியின் மின்தடை, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகமாகிவிடும். எஞ்சினை நிறுத்தியவுடன் விசிறிக் காற்றும் நின்றுவிடுவதால், எஞ்சினின் சூடு அப்படியே பக்கத்திலிருக்கும் செல்ப் மோட்டாருக்கு ஏறும். சோலனாய்டின் சூடேறிய சுருள் அதே இழுவிசையைத் தர அதிக மின்னழுத்தம் கேட்கும். ஆனால் அதற்குக் கிடைப்பதோ 7.2 வோல்ட். குளிர்ந்த காலையில் அதே 7.2 எப்படியோ போதுமானதாக இருந்திருக்கிறது. பட்டறையின் மேசைமேல் முழு 12 வோல்ட் கொடுத்தால் எடுக்காமல் என்ன செய்யும்!

“எதுக்குங்கண்ணா இந்த ஸ்விட்செல்லாம், டைரக்டாக் குடுத்துடலாமுங்க” என்று எலெக்ட்ரீசியன் சொன்னார். பல வண்டிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. கிளட்ச் ஸ்விட்ச் இல்லாத வண்டி கியரில் நின்றிருந்தால், சாவியைத் திருப்பியதும் நகரத் தொடங்கிவிடும். ஓட்டுபவர் இருக்கையில் இல்லாமல், தரையில் நின்றபடி ஸ்குரூடிரைவரால் சோலனாய்டு முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்பவர் நிற்கும் இடமோ பின்சக்கரத்தின் முன்னால். உலகெங்கும் டிராக்டரால் ஆள் நசுங்கிச் சாகும் வழிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று.

அதனால் ஸ்விட்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தோம். கிளட்ச் ஸ்விட்சைப் பிரித்தபோது அதன் தொடுமுனைகள் கருகி, செம்மண் புழுதி அரைத்த மாவாக உள்ளே அடைந்திருந்தது, புதிது மாட்டினோம். கால்பலகையின் அடியிலிருந்த கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. யூரியா மூட்டை ஏற்றுவதும், பிரஷர் பம்பால் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் சேர்ந்தால் செம்பு என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதை வெட்டியெறிந்து, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினோம்.

இவற்றுடன் 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே ஒன்றையும், அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஸ்விட்சையும், சேர்த்தோம். உண்மையில் குறையை நிலையாகத் தீர்த்தது அதுதான் என்பது என் கணிப்பு. முன்பு சோலனாய்டுக்குப் போன ஒயர் இப்போது ரிலேயின் 86ஆம் முனைக்குப் போகிறது. 85ஆம் முனை எர்த். 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் வருகிறது. 87ஆம் முனை சோலனாய்டுக்குச் செல்கிறது. ரிலேயின் சுருள் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்குப் பழைய சாவியும் ஸ்விட்சும் தின்னும் மின்னழுத்தம் பொருட்படுத்தத் தக்கதன்று. கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ரிலே இயங்காது, பாதுகாப்பும் குறையவில்லை. ரிலே, அதன் சாக்கெட், ஃபியூஸ் பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்தும், செல்ப் மோட்டாரைக் கழற்றி மாட்டிய கூலியில் பாதிகூட ஆகவில்லை.

இப்போது எஞ்சின் சுழலும்போது பேட்டரியில் 10.6, சோலனாய்டு முனையில் 10.3 வோல்ட் நிற்கிறது. ரிலேயை மீட்டர் பலகையின் பின்னால், கழுவும் தண்ணீர் தங்காதபடி முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டியிருக்கிறோம். அதே அளவில் இன்னொரு ரிலே டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. சோதனைப் பல்பை மட்டும் கழற்றவில்லை. தம்பிக்கு அது பிடித்துப்போய்விட்டது.