மூன்றரை மணி நேரத் தொலைவு

கிளிநொச்சியில் பாயில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப எனச் சுருதி சேர்த்துப் பழகிய எனக்கு, ஊரூராகச் சுற்றும் மேற்கத்தைய இசைக்குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் நாற்காலியில் அமர்ந்து, ஓபோ என்னும் குழல்கருவி ஊதும் ஒற்றைச் சுரத்துக்குத் தந்தியைச் சரிசெய்யப் பழகுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தாடையின் கீழ் வயலின் அழுத்தி விழுந்த தழும்பு இன்னும் மறையவில்லை.

ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 2017 இல் திறக்கப்பட்ட எல்ப்பில்ஹார்மொனி இசையரங்கின் பெருமண்டபத்தில் ஏறக்குறைய 2,100 இருக்கைகள் உள்ளன. ஒத்திகையில் என் சப்பாத்து கிரீச்சிட்டது மேல்மாடம்வரை கேட்டிருக்கும் (புதுச் சப்பாத்து வாங்கியது என் பிழைதான்).

கச்சேரி முடிந்து விடுதிக்குத் திரும்பினால் இரவு பதினொன்று. அப்போது வன்னியில் அதிகாலை இரண்டரை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலன்று மட்டுமே அம்மா அந்நேரத்தில் விழித்திருப்பார். பறையொலிக்கு நடுவே, "சாப்பிட்டியா மோனை?" என்று தொலைபேசியில் கேட்டார். கையிலிருந்த காய்ந்த பாணைப் பார்த்தபடி, "ஓம் அம்மா" என்றேன்.