மடைய அடைங்க!

"அண்ணாச்சி, தண்ணி போதும். மடைய அடைங்க!"

காலையில் சேரன்மகாதேவி பக்கம் வரப்பில் நின்று ஒருவர் கத்தினார். மேலே இருந்தவர் மம்பட்டியால் இரண்டு வெட்டு மண்ணை மடையில் போட்டார். தண்ணீர் நின்றது.

பத்து மணிக்கு ஆபீஸ் போனால் சர்வர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கேபிளை மாற்றினேன். எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்சை அணைத்துப் போட்டேன். ம்ஹூம்.

கடைசியில் சுவிட்சின் கணக்கைத் திறந்தேன். ஒரே ஒரு போர்ட்டில், அதாவது வயர் செருகுகிற வாயில், மட்டும் "சற்று நிறுத்து" என்று சொல்கிற பாஸ் ஃப்ரேம் (pause frame) ஆயிரக்கணக்கில்.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறைந்து கிடந்தது. அதன் நெட்வொர்க் கார்டு மட்டும் உயிரோடு இருந்து "அடைங்க, அடைங்க" என்று கத்தியிருக்கிறது.

1997-ல் வந்த 802.3எக்ஸ் என்கிற ஈதர்நெட் விதியின் ஏற்பாடு இது. வாங்குகிற பக்கம் நிரம்பினால், அனுப்புகிறவரைச் சற்று நிறுத்தச் சொல்லலாம். ஜிகாபிட் லைனில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் சுமார் 33 மில்லிவினாடிதான். ஆனால் விடாமல் கேட்டால்? சுவிட்சின் பஃபர், அதாவது தகவலைத் தேக்கி வைக்கிற இடம், நிரம்பி, அது திரும்பிச் சர்வரை நிறுத்தச் சொல்லும். அது யார் வயலுக்குப் போகிற தண்ணீர் என்றெல்லாம் பார்க்காது. மொத்த மடையும் அடைபடும்.

2011-ல் வந்த 802.1க்யூபிபி என்கிற விதி போக்குவரத்தை எட்டு வாய்க்காலாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் அடைக்க விடும். எங்கள் சுவிட்சுக்கு அந்த யோகம் இல்லை.

சரி என்று பழைய கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினேன். அடுத்த நொடி பிரிண்டர் கடகடவென்று ஓடியது. அப்புறம் அந்தப் போர்ட்டில் இப்படி நிறுத்தச் சொல்கிற ஃப்ளோ கண்ட்ரோலையும் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது காலையில் பார்த்த மடை திறந்திருந்தது.