அப்பாவின் பிரஷர் மாத்திரையில் சந்தேகம் வந்தபோது

கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்குத் தினமும் டெல்மிசார்டன் 40 மி.கி. வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லாத சமயத்தில், சொந்தக்கார அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஆளிடம் பாதி விலைக்கு வாங்கிக் கூரியரில் அனுப்பிவைத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பிரஷர் ஏறிக்கொண்டே போனது.

பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் இரண்டு பக்கமும் கெட்டி அலுமினியம். டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர் மூடுபனியில் அந்த உறை ரொம்ப அவசியம். புதியதில் ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக். பேட்ச் எண்ணை நகத்தால் தேய்த்தால் மை கையோடு வந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு பேட்ச் எண், அட்டையில் வேறு எண்.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி மருந்து பிராண்டுகளுக்கு இந்த க்யூஆர் கோடு கட்டாயம். ஆனால் கோடு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். ஸ்கேன் செய்தால் வரும் பெயர், பேட்ச், தேதி, உரிம எண் எல்லாம் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முதலில் டாக்டரிடம் போனோம். மாத்திரையை நிறுத்திவிடாமல், கடையில் புதிதாக வாங்கித் தொடரச் சொன்னார். அட்டையின் படங்களைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த பேட்ச் தங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் ஊட்டிக்குப் போய் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா?"

பில் இல்லை. விற்றவரின் எண்ணும் அதற்குள் அணைந்திருந்தது. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. வயசானவர்களின் உயிரோடு விளையாடியவரைத் தேட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. மீதி அட்டைகளை ஒப்படைத்துவிட்டு வந்தோம். கட்டணம் கட்டினால் பொதுமக்களும் மருந்தை அரசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம், சட்டத்தில் இடம் உண்டு.

விலைதான் கவலை என்றால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் ஜெனரிக் மாத்திரை மலிவாகவே கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பேட்ச் எண் போட்ட பில் கேளுங்கள். அட்டையில் பேட்சும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்து மாத்திரையைக் கடைசியில் பிரியுங்கள்.