மடிக்கணினிக்கும் ஐசி நம்பர் உண்டு

சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் மின்மோட்டார் பழுதுபார்த்தவன் நான். மோட்டார் மேசைக்கு வந்ததும் முதல் வேலை, அழுக்கைத் துடைத்துவிட்டு அதன் உடம்பில் அறைந்திருக்கும் தகட்டைப் படிப்பது. கிலோவாட், வோல்ட், சுற்று வேகம், வரிசை எண். பேரிங் வாங்கும்போதும் இதே கதைதான். 6205, 6305 என்ற எண் கொண்ட பேரிங் இரண்டுக்கும் உள்துளை 25 மில்லிமீட்டர். தண்டில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆனால் வெளிவிட்டம் ஒன்றுக்கு 52, மற்றதற்கு 62. மூடியைப் பொருத்தப் போகும்போதுதான் தப்பு தெரியவரும்.

இந்தப் பழக்கத்தை நான் ஒரே ஒரு முறை விட்டேன். அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். யாரோ விற்ற பழைய திங்க்பேட் (லெனோவோ நிறுவனத்தின் மடிக்கணினி) ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கியிருந்தாள். "மாமா, நாலு ஜன்னல் திறந்தாலே திணறுது. ரேம் போட்டுத் தர முடியுமா?" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டாள். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். என்ன மாடல் என்றேன். விளம்பரத்தில் இருந்தபடியே "டி480" என்றாள். கணினியின் நிலவரத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் படத்தையும் அனுப்பினாள். 8 ஜிபி, இரண்டில் ஒரு ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) பயன்பாட்டில் என்று இருந்தது. எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு என்பது எனக்குத் தெரியும். மறுநாளே ரோச்சோரில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் 16 ஜிபி துண்டு இரண்டு வாங்கிவிட்டேன். ரேம் விலை ஏறிக் கிடக்கிற நேரம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். கையில் வாங்கியதுமே உறுத்தியது. எடை குறைவு. பின்பக்கம் கழற்றி மாட்டும் பேட்டரி இல்லை. திரைச் சட்டத்தின் மூலையைப் பார்த்தேன்: டி480எஸ்.

விளம்பரத்தில் விடுபட்டது அந்த ஒரு 'எஸ்'தான். இரண்டுமே 2018இல் வந்தவை, ஆனால் உள்ளே வேறு வேறு கணினி. டி480இல் இரண்டு ரேமையும் கழற்றலாம், 2.5 அங்குல டிரைவுக்கு இடம் உண்டு. டி480எஸ்ஸை மெலிதாக்குவதற்காக ஒரு ரேமைக் கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஸ்லாட். டாஸ்க் மேனேஜர் ஒட்டிய ரேமையும் ஒரு ஸ்லாட்டாகவே கணக்கில் சேர்த்திருக்கிறது. நானோ இரண்டையும் மாற்றலாம் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு துண்டை மாட்டினேன். 8 ஜிபியோடு 16 சேர்ந்து 24 ஆனது, அவளுக்கு அது தாராளம். இரண்டாவது துண்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். உறை பிரித்தாகிவிட்டது என்று திருப்பி எடுக்கவில்லை. இங்கே 2012இல் வந்த 'லெமன் லா' என்ற நுகர்வோர் சட்டம் பழுதான பொருளுக்குத்தான் துணை நிற்கும். பொருள் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அது தேவையில்லாமல் போனது.

நம் புளோக்கில் முருகன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஐசி நம்பரை, அதாவது அடையாள அட்டை எண்ணைச் சொன்னால் ஒருவர்தான். மடிக்கணினியின் மூடியில் பெரிதாக எழுதியிருப்பது குடும்பப் பெயர் மாதிரி. உங்களிடம் இருப்பது அந்தக் குடும்பத்தில் யார் என்பது அடிப்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டாம், கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திங்க்பேட் என்றால் 'டைப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நாலு எழுத்து: டி480க்கு 20எல்5 அல்லது 20எல்6, டி480எஸ்ஸுக்கு 20எல்7 அல்லது 20எல்8. டெல்லில் ஏழு எழுத்து கொண்ட 'சர்வீஸ் டேக்' இருக்கும். ஹெச்பியில் 'புராடக்ட் நம்பர்' பார்க்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் எத்தனை ஸ்லாட், எந்த வகை ரேம் என்பதெல்லாம் வந்துவிடும்.

ஆனால் பழைய கணினியாக வாங்கியிருந்தால் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். அடிமூடி உடைந்து, வேறொரு கணினியின் மூடியை மாட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் அந்த வேறொன்றின் கதையைச் சொல்லும். அதனால் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற எழுத்துகளோடு 32 சேர்த்துத் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'சிஸ்டம் மாடல்' வரியைப் பாருங்கள். லெனோவோ என்றால் அங்கே பெயருக்குப் பதில் அந்த எண்தான் வரும், குழம்ப வேண்டாம். பெயர் கீழே 'சிஸ்டம் எஸ்கேயு' வரியில் இருக்கும். ஸ்டிக்கரும் இதுவும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், ரேமுக்கும் டிரைவுக்கும் இது சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது மதர்போர்டிலிருந்து வருகிறது. பேட்டரி வேண்டுமானால் பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேலேயே இருக்கும் எண்ணைப் படிப்பதுதான் உத்தமம்.

ஸ்டிக்கர் எண்ணே போதாத இடமும் உண்டு. போன மாதம் எதிர்வீட்டு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) தன் மேக்புக் ஏரைக் கொண்டுவந்து, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை மாற்ற வேண்டும் என்றார். அடியில் ஏ1466 என்று இருந்தது. ஆப்பிள் அதே எண்ணை 2012 முதல் 2017 வரை வந்த 13 அங்குல ஏர்களுக்குப் போட்டிருக்கிறது, 2013இல் எஸ்எஸ்டி மாட்டும் இணைப்பின் வடிவமே மாறிவிட்டது. ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' திறந்து ஆண்டைப் பார்த்தோம். 2012. அவர் இணையத்தில் தேர்ந்து வைத்திருந்தது 2013க்குப் பிந்தையது. நல்லவேளை, இன்னும் பணம் கட்டவில்லை. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அந்த மீதி ரேம் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. 16 ஜிபி, டிடிஆர்4, மடிக்கணினி அளவு, 260 தொடுமுனை. உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் யாருக்காவது பொருந்தினால் பாதி விலைக்குத் தருகிறேன். கேட்பதற்கு முன் உங்கள் கணினியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். வரிசை எண்ணை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், அது எனக்குத் தேவையில்லை.