‘சி’ தரம்

பழைய கட்டடங்களுக்குத் தரம் போடும் படிவத்தில் ‘மூலநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டடம் கட்டியபடியே இருக்கிறதா, ஓரளவு மாறியிருக்கிறதா, பெரும்பகுதி மாறிவிட்டதா என்று மூன்றில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும். அதை வைத்துத்தான் தரம் வரும். ‘ஏ’ என்றால் கை வைக்கக் கூடாது. ‘பி’ என்றால் முகப்பை விட்டுவிட்டு உள்ளே மாற்றலாம். ‘சி’ என்றால் படமெடுத்து, அளந்து, கோப்பில் போட்டுவிட்டு உடைக்கலாம்.

அந்தக் கடைக்கு நான் ‘சி’ போட்டேன். கையேட்டின்படி சரியான தரம். மேலே இருந்தவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்று அதே கடையை அதே படிவத்தோடு என் முன்னால் வைத்தாலும் ‘சி’ தவிர வேறு போட வழியில்லை. பிறகு ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், போட்டது நானா, கையேடா, அந்தப் பெரியவரா என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

கண்டியின் பழைய கடைவீதிகளில் ஒன்று. பெயர் வேண்டாம், சொன்னால் கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் நிறுவனம் ஓர் ஆலோசனை நிறுவனம், நான் அங்கே படவரைஞர். பழைய கட்டடங்களை வீதி வீதியாக அளந்து பட்டியல் போடும் வேலை வந்திருந்தது. நாடா பிடிக்க என்னோடு வந்தவர் சிங்கள நண்பர். பெரியவர் என்னோடு பேசியபோது அவர் பின்கட்டில் அளந்துகொண்டிருந்தார். இந்தச் சின்ன விஷயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நாள் தோன்றும். நண்பர் பக்கத்தில் நின்றிருந்தால் பெரியவர் சிங்களத்தில்தான் பேசியிருப்பார், நன்றாகவே பேசுவார். சிங்களத்தில் அவர் அதைச் சொல்லியே இருக்கமாட்டார்.

“எந்த வருஷம் கட்டினது ஐயா?” என்று கேட்டேன்.

“எதைக் கேக்குறீங்க? முதல் தடவை கட்டினதையா, ரெண்டாந் தடவையா?”

நான் விழித்தேன். அவரே சொன்னார். “எங்கப்பா வாங்கும்போதே இது பழைய கட்டடம். எரிஞ்சது எண்பத்தி மூணு. திருப்பிக் கட்டினது எண்பத்தஞ்சு. உங்க படிவத்துல எதைப் போடுவீங்க?”

கண்டியில் எந்த நாள் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலை 26, தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்த வன்செயல் இங்கே வந்த நாள். முன்கட்டு முழுவதும் போயிருக்கிறது, மேல்மாடியும். அதற்குப் பதிலாக கொங்கிரீட் தளமும் இரும்பு ஷட்டரும் அஸ்பெஸ்டஸ் கூரையும் வந்திருக்கின்றன. ஆனால் முற்றத்தைத் தாண்டினால் பின்கட்டு அப்படியே இருக்கிறது. ஒன்றரை முழத் தடிப்பில் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே கள்ளிக்கோட்டை ஓடு, மூட்டை அடுக்கும் சாமான் அறை, சமையல் அறை. சாமான் அறைச் சுவரில் ஒரு பக்கம் எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் கறுப்பு வெளியே வந்துவிடுகிறதாம். பெயின்டர்மாருக்குக் கொடுத்த காசைப் பற்றித்தான் அவர் குறைப்பட்டார், கறுப்பைப் பற்றி அல்ல.

பட்டியலில் வந்தால் என்ன நன்மை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதுகாப்பு, பாரம்பரியம், சுற்றுலா, எங்களுக்குச் சொல்லித்தந்த வரிகள்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“பட்டியல்ல ஏத்துறது லேசு தம்பி. எறக்குறதுக்கு நான் அலைஞ்சிருக்கேன். நம்ம புள்ளன்னு சொல்றேன், இது ஒண்ணுமில்லாத கடைன்னு எழுதிருங்க.”

அவர் சொன்ன அலைச்சல் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. 83க்குப் பிறகு எரிந்த சொத்துக்களையெல்லாம் அவசரகால விதிகளின் கீழ் அரசு தன் பெயரில் எடுத்துக்கொண்டது. புனரமைப்புக்கென்று ‘ரீபியா’ என்று ஓர் அதிகார சபையை வைத்தார்கள். சொந்தக் கடையை எரியக் கொடுத்தவன், அது தன் கடைதான் என்று விண்ணப்பம் போட்டு, காட்டி, கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன்னால், கடைகளையும் வீடுகளையும் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்று கொழும்பிலிருந்து தப்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பட்டியலையும் பார்த்த மனுஷனிடம் மூன்றாவது பட்டியலோடு போய், ‘இது உங்கள் நன்மைக்கு’ என்றால்?

நான் சொன்ன பதில் இதுதான்: “விதிப்படி என்ன வருதோ அதைத்தான் ஐயா எழுதுவேன்.”

அவர் தலையாட்டினார். பையனைக் கூப்பிட்டு எங்கள் இருவருக்கும் பிளேன்டீ சொன்னார்.

இந்த ஒரு பதிலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கேட்பதற்கு நேர்மையான பதில். யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போதே விதிப்படி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முகப்பு போய், கூரை போய், மேல்மாடி போய்விட்ட கட்டடத்துக்கு எந்தக் கையேடும் ‘பி’ தராது. ஆக அவர் கேட்டதும் விதி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் எதிரெதிராக இருந்திருந்தால் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? ‘நம்ம புள்ள’யாகவா, நிறுவனத்தின் ஆளாகவா? அந்தச் சோதனை எனக்கு வரவே இல்லை. வராததால் தப்பித்தேன் என்று ஒரு நாள் நினைப்பேன். வேலையைச் சரியாகச் செய்தவனுக்குத் தப்பிப்பது எதற்கு என்று மறுநாள் எனக்கே கோபம் வரும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீதியை முடித்துவிட்டு மேசையில் படிவங்களை அடுக்கியபோது, ‘சி’ கட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தானாகவே தெரிந்தது. எரிந்த கடைகள் எல்லாம் ‘சி’. எரியாதவை ‘பி’, ஒன்றிரண்டு ‘ஏ’. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. மூலநிலை என்ற கட்டம் எல்லோருக்கும் ஒரே கட்டம்தான். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருவன் இந்த வீதியின் கதையை எழுதினால், இங்கே தமிழ் வியாபாரிகள் ஏதோ எண்பதுகளில் கொங்கிரீட்டோடு வந்து இறங்கியவர்கள் என்றுதான் எழுதுவான். தமிழரைச் சொன்ன பழைய பெயரோடு மலபார் வீதி என்று ஒரு வீதி இன்றும் இருக்கும் ஊரில்.

மூலநிலை என்பதே அவ்வளவு இறுக்கமான சங்கதியும் இல்லை. போரில் தரைமட்டமாகி, பிறகு படங்களைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கட்டிய வார்சா பழைய நகரத்தை யுனெஸ்கோ 1980இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. திருப்பிக் கட்டியதையே ஒரு சாதனையாகக் கணக்கெடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1998 ஜனவரி 25ஆம் திகதி புலிகளின் லொறிக் குண்டில் இதே கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. திருத்திக் கட்டினார்கள், கட்டத்தான் வேண்டும். அதற்காக யாராவது அதற்கு ‘பெரும்பகுதி மாறியது’ என்று சரி போடுவார்களா? போட மாட்டார்கள், போடவும் கூடாது. பெரியவரின் கடையையும் தலதாவையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தீ பட்டதும் திருப்பிக் கட்டியதும் ஓரிடத்தில் வரலாறாகவும் இன்னோரிடத்தில் குறைபாடாகவும் ஆகிவிடுகிறது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

சட்டமும் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் பழமைச் சின்னத்துக்குரிய எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ராச்சியம் ஆங்கிலேயரிடம் கையெழுத்தான நாள். அதற்கு முந்தியது என்றால் தானாகவே பழமை. பிந்தியது என்றால் தனியாக எடுத்து வர்த்தமானியில் போட வேண்டும். தோட்டம் வந்து, ரயில் வந்து, அதோடு சேர்ந்து வளர்ந்த கடைவீதியெல்லாம் இந்தப் பின்பக்கத்தில்தான் வரும். மலையகத்தில் தோட்ட வேலைக்கென்று நாம் வந்த பிறகு நடந்தது எல்லாமே பின்பக்கம்தான்.

சரி, நான் யார் இதையெல்லாம் சொல்ல? நான் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, நூறு வருஷத்தைத் தாண்டிய சுவர். எந்தக் கையேட்டை வைத்துப் பார்த்தாலும் மூலநிலை அப்படியே இருக்கும், ‘ஏ’ கொடுக்கலாம். அதை உடைத்துத் தரைமட்டமாக்கி ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருடைய ஆசையும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மண் வந்து மூடியது லயங்களைத்தான். பழையதைக் காப்பாற்றுங்கள் என்று எவராவது எங்கள் லயத்துக்கு வந்து நாடா பிடித்திருந்தால் அம்மா தேயிலை மிலாறால் அடித்து விரட்டியிருப்பா. அப்படியானால் பெரியவர் என்னை விரட்டாமல் பிளேன்டீ கொடுத்தது அவர் பெருந்தன்மை. அங்கே குடியிருப்பவனுக்குத்தான் அது சுமையா சொத்தா என்று தெரியும். இதுவே என் நியாயம். இந்த நியாயத்தில் நான் பல நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஆனால் அதையும் முழுதாக நம்ப முடியவில்லை. குடியிருப்பவன் கேட்பதெல்லாம் அவன் விருப்பம்தானா? பெரியவர் உடைக்க நினைப்பது கொங்கிரீட் ஆசையில் அல்ல. கீழே கடை, மேலே குடித்தனம் என்றுதான் அந்த வீதிகள் இருந்தன. 83க்குப் பிறகு மேலே இருந்தவர்களில் பலர் இந்தியா போனார்கள், கொழும்பு போனார்கள். மிச்சப்பேரும் பிள்ளைகள் பெரிதானதும் பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், குண்டசாலைப் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார்கள். மேல்மாடிகளில் இப்போது டியூஷன் வகுப்பு, ஃபோன் திருத்தும் கடை, இல்லாவிட்டால் பூட்டு. இருட்டினால் வீதியில் ஆளில்லை. மூன்று பக்கம் மகாவலி, ஒரு பக்கம் உடவத்தகெலே, எதிரே ஹந்தானை. இந்தக் கிண்ணத்துக்குள் இடமில்லை என்று ஊர் வழிந்து வயலை நிரப்பியும் மலையை வெட்டியும் போய்க்கொண்டிருக்கிறது. சரிவில் வீடு கட்ட மண்சரிவு அபாயம் இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கடிதம் வாங்க வேண்டிய இடங்களுக்குத்தான் சனம் போகிறது. ஒன்றும் சரியாத சமதரையில் நடு நகரத்தின் மேல்மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் படிவத்தில் முகப்பு, கூரை, கதவு, கிராதி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இரவில் இங்கே யாராவது தூங்குகிறார்களா என்பதற்கு இல்லை.

‘பி’ போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிப்பேன். காலிக் கோட்டையும் கண்டியும் ஒரே வருடத்தில், 1988இல், உலக மரபுரிமையானவை. காலியில் சுவர்கள் தப்பின. வீடுகளை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி ஹோட்டலும் கோப்பிக் கடையுமாக்கினார்கள், இருந்த சனத்தில் நிறையப் பேர் விற்றுவிட்டு வெளியே போனார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நுவரெலியா தபாற்கந்தோரை ஹோட்டலுக்குக் கொடுக்கப் பார்த்தபோது 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம், பொறாமையும். உள்ளே வேலை செய்பவர்களே வீதிக்கு இறங்கும் கட்டடத்துக்குத் தரம் போட என்னைப் போல ஒருவன் தேவையில்லை.

படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு வரி இடம் இருந்தது. அதில் எழுதினேன்: முன்கட்டு 1983 ஜூலை வன்செயலில் எரிக்கப்பட்டது, உரிமையாளரே திருப்பிக் கட்டினார், பின்கட்டு பழையது. ஒண்ணுமில்லாத கடை என்று எழுதச் சொன்னார் பெரியவர், நான் இதை எழுதினேன். தரத்தில் அவர் பக்கம், குறிப்பில் என் பக்கம் என்று மனதுக்குள் கணக்கு நேர் செய்துகொண்டேன் போலிருக்கிறது. இறுதி அறிக்கையில் அட்டவணை மட்டும்தான் போனது, குறிப்புகள் போகவில்லை. இடப் பிரச்சினை என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அவர் கேட்டதும் அதுதானே.

இப்போது நான் வேறோர் இடத்தில், வீட்டுப் பிளான் வரையும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் பெரியவரின் மகன் வந்தார். என்னை முன்பின் பார்த்ததில்லை, யாரோ சொல்லி வந்திருக்கிறார். கடையை முழுதாக இறக்கிவிட்டு, விதி விடும் உயரத்துக்கு எழுப்ப வேண்டும். கீழே கடை, மேலே சுற்றுலாக்காரர்களுக்கு அறை. முகப்பு மட்டும் ‘பழைய கண்டி ஸ்டைலில்’ வேண்டும் என்றார். மரத்தூண், கிராதி, பலகைக் கதவு. ஃபோனில் படங்கள் வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கிறதாம்.

“அப்பா என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“அவருக்கு ஷட்டர் போதுமாம். பலகை எதுக்குடா, லேசாப் பத்திக்கும்ங்கிறாரு.” சிரித்தார். “பட்டியல்ல ‘சி’ தான் அண்ணே. பிரச்சினை ஒண்ணும் வராதே?”

வராது என்றேன்.

பின்கட்டை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். வாகனம் நிறுத்த இடம் வேண்டும், முற்றத்தோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். முற்றத்தை விட்டால் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வரும், தடித்த சுவர் குளிருக்கு நல்லது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எரிந்த சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். யோசிப்போம் என்றார். அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அந்தக் கடையின் அளவு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல், சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அப்பாவும் கடையில் இருப்பாரா என்று மட்டும் கேட்டு வைத்தேன்.