கொருக்குப்பேட்டை டூ சிங்கராஜ வனம்

நேத்துதான் இலங்கையிலேர்ந்து வந்தேன். சிங்கராஜ மழைக்காட்டுல பறவைங்க தனியா வராது. அரை மணி நேரம் ஒண்ணுமே இருக்காது, திடீர்னு ஏழெட்டு இனம் ஒரே கும்பலா வரும். தவிட்டுக்குருவிங்க இலையைக் கிளறி பூச்சியைக் கிளப்பும். மேல உக்காந்திருக்கிற கரிச்சான் நோகாம லபக்குனு புடிச்சிடும். (எங்க ஏரியாவுலயும் அப்படி ஆளுங்க உண்டு.) அந்தக் கும்பல்லதான் புளூ மேக்பை பார்த்தேன். காக்கா சொந்தம்தான், ஆனா ஒடம்பு நீலம், தலை செம்பழுப்பு, அலகு பவழச் செவப்பு, நீள வால் நுனியில வெள்ளை. இலங்கையைத் தவிர உலகத்துல எங்கயும் கிடையாது. கேமராவை எடுக்கறதுக்குள்ள போயிடுச்சு.

கால் ஃபுல்லா அட்டைக்கடி. அம்மா பார்த்துட்டு, "காசும் குடுத்து ரத்தமும் குடுத்துட்டு வந்தியா? இங்க கால்வாய்க் கொசு சும்மாவே குடிக்குமேடா!"