மெடியாவும் நோராவும்

நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தின் முடிவில், நோரா கணவனைப் பிரிந்து கதவைச் சாத்திவிட்டுப் போவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதற்குச் சற்று முன் வரும் இடம்தான் உயிர். நடன உடையைக் களைந்து, அன்றாட உடையில் வந்து, கணவனை எதிரே உட்காரச் சொல்கிறாள். எட்டு வருட மணவாழ்வில் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது இதுதான் முதல் முறை என்கிறாள். இப்சன் இதை எழுதியது 1879-இல். ஜெர்மனி மேடைக்காக, அவள் பிள்ளைகளுக்காகத் தங்கிவிடுவதாக முடிவை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

கி.மு. 431-இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் படைத்த நாடக நாயகி மெடியா இன்னும் அடங்காதவள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். அதுவும் ஆண்களே பெண் வேடம் கட்டிய மேடையில்! துரோகம் செய்த கணவனைப் பழிவாங்கத் தான் பெற்ற பிள்ளைகளையே கொன்றவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவள் தப்பிக்கச் சூரியனின் தேர் வந்தது. நோராவிடம் ஒரு சின்னப் பைதான். துணிச்சலுக்கு என் ஓட்டு நோராவுக்கே.